அரக்குப் பெயிண்ட் அடித்த உத்திரம்

கடற்கரையில் பழைய பாலம் கடலுக்குள் சரிந்து விழுந்ததே, அதற்கு மறுவருஷம் நடந்தது இது. அந்தப் பாலத்தைப் பார்க்க நானும் போயிருந்தேன். நேற்றுவரை நன்றாகத்தானே நின்றது என்று ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுவருஷம் ஊரில் ஒரு விழா நடத்தினார்கள். நம்ம பக்கத்தில் வீடுகளை எப்படிக் கட்டினார்கள், உள்ளே எப்படி அலங்காரம் செய்தார்கள் என்று காட்டுகிற விழா. அதன் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. முத்தியால்பேட்டையில் நான் காவல் இருக்கிற மாடி வீட்டையும் இரண்டு நாள் திறந்துவைக்கச் சொன்னார்கள். வீட்டுக்காரர் குடும்பம் பிரான்ஸில் இருக்கிறது. நானும் என் மனைவியும் பின்கட்டில் ஓர் அறையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறோம். அதற்கு முன்னால் நெல்லித்தோப்பில் இருந்தோம், மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அது கிடக்கட்டும்.

கீழ்க் கூடத்தின் மேலே, மாடித் தரையைத் தாங்கிக்கொண்டு குறுக்காக ஒரு பெரிய உத்திரம் போகிறது. முந்தைய மழைக்காலத்தில் ஏணி வைத்து ஒட்டடை அடிக்கும்போது, அது சுவருக்குள் நுழைகிற முனையில் கை வைத்தேன். விரல் உள்ளே போனது. கரையான். நடுவில் தட்டினால் இரும்பு மாதிரி கணீரென்று இருக்கும், முனைதான் போய்விட்டது. சொன்னால் வீட்டை விற்றுவிடுவார்கள், நாங்கள் எங்கே போவது? மரத்தூளையும் பசையையும் குழைத்து ஓட்டையை அடைத்து, மேலே அரக்குப் பெயிண்ட் அடித்துவிட்டேன். மாடியில்தான் யாரும் இல்லையே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். விழாக்காரர்கள் வந்தபோது அந்த உத்திரத்தைத்தான் அண்ணாந்து பார்த்து மெச்சினார்கள்.

முதல் நாள் வந்தவர்கள் கீழேயே பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் காலையில் மாடியில் நாற்காலி போட்டார்கள். கட்டடப் படிப்பு படித்த பெண் ஒருத்தி அங்கே பேசப்போகிறாளாம். எண்ணிப் பார்த்தேன். நாற்பது நாற்காலி. நேரே பின்கட்டுக்குப் போனேன்.

"ஏன்யா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்றாள் மனைவி. அன்றுதான் அவளிடம் சொன்னேன்.

"பெயிண்ட் அடிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு வாயத் தொறக்கத் தெரியலையா? போய்ச் சொல்லு."

"சொன்னா ரூம் போயிடும்டி."

"ஆளுங்க செத்துட்டா அந்த ரூம்ல ஒக்காந்து சோறு துன்னுவியா நீ?"

அதற்குள் ஜனங்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். படிக்கட்டின் அடியில் நின்று, "மேல குளவி கூடு கட்டியிருக்குதுங்க, கொட்டிடும்" என்றேன். நிஜம் வாயில் வரவில்லை. கண்ணாடி போட்ட ஒருத்தர் சிரித்தார். "அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கலாம் தாத்தா, வழி உடுங்க."

எல்லோரும் மேலே போய்விட்டார்கள். நான் கூடத்தில் நின்றேன். மேலே நாற்காலி இழுக்கிற சத்தம். உத்திர முனையிலிருந்து சுண்ணாம்புத் தூள் என் தோளில் கொட்டியது. நான் அடித்த பெயிண்டில் மயிர் கனத்துக்கு ஒரு விரிசல். ஓடிவிடலாம் என்று தோன்றியது. எதற்கு மறைக்க வேண்டும், வாசல்வரை ஓடியும் விட்டேன். திரும்பி எப்படிப் படியேறினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"எல்லாரும் எறங்குங்க! உத்தரம் உளுத்துப் போச்சு!"

யாரும் அசையவில்லை. இதுவும் விழாவில் சேர்த்தி என்று நினைத்தார்களோ என்னவோ.

"யாரு சொன்னது?" என்றார் கண்ணாடிக்காரர்.

"நான்தாங்க ஓட்டைய அடைச்சுப் பெயிண்ட் அடிச்சேன்."

பேச நின்ற பெண்ணின் முகம் மாறிவிட்டது. "யாரும் ஓடாதீங்க. நடுவுல கால் வெக்காம, செவுத்த ஒட்டி ஒவ்வொருத்தரா எறங்குங்க" என்றாள். படிக்கட்டு முற்றத்துப் பக்கம் இருந்ததால் உத்திரத்துக்குக் கீழே யாரும் போகவேண்டியிருக்கவில்லை. பருமனான ஓர் அம்மா மாடியின் நடுவில் நின்று செருப்பைத் தேடினார். "செருப்பு கெடக்கட்டும், வாம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் அழுதுவிட்டார். கடைசியாக அந்தப் பெண் இறங்கினாள்.

உத்திரம் விழவில்லை. மறுநாள் இரும்பு முட்டு கொடுத்த பிறகு அவள் ஏணியில் ஏறி முனையில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினாள். கைப்பிடிவரை உள்ளே போனது.

"எப்பலேருந்து தெரியும்?"

"மழக் காலத்துலேருந்து."

"நாப்பது பேரக் கொன்னிருப்பீங்களே தாத்தா."

வீட்டுக்காரர் போனில், சரிசெய்கிறவரைக்கும் இரு என்றார். அப்புறம் என்னவென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. முட்டு இன்னும் நிற்கிறது. தச்சர்கள் மாடியில் நடந்தால் இப்போதும் நான் கூடத்தில் நிற்காமல் முற்றத்துக்குப் போய்விடுகிறேன்.

பழைய வீட்டுக்கு ஆட்களைக் கூட்டி வருகிறவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் போய்ச் சொல்லுங்கள். நடுவைத் தட்டிப் பார்த்து ஏமாற வேண்டாம், சுவருக்குள் நுழைகிற முனையைக் குத்திப் பார்க்கட்டும். காவல்காரனையும் ஒரு வார்த்தை கேட்கட்டும். கேட்பதற்கு முன்னால், உண்மையைச் சொன்னால் உன் ரூம் போகாது என்று அவனிடம் சொல்லச் சொல்லுங்கள்.