வெட்டப்பட்ட ‘வாறன்’

இன்று மன்னாருக்கு வந்த பஸ்ஸில், பாப்பாமோட்டையில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் ஜேர்மன் மொழிக் கொப்பி. கணவர் அங்கே இருக்கிறார். சோதனை பாஸ் பண்ணினால்தான் இவளுக்கு விசா.

“இஞ்சயிருந்து அங்க போறதுக்கு ‘ஹின்’ அக்கா. அங்கயிருந்து இஞ்ச வாறதுக்கு ‘ஹேர்’. பழுதாப்போன சாமானையும் ‘ஹின்’ எண்டுதான் சொல்லுவினம்.”

“நாங்களும் போன் போச்சுது எண்டுதானே சொல்லுறம்” என்றேன்.

சிரித்தாள். பிறகு கொப்பியில் ஒரு சிவப்புக் கோட்டைக் காட்டினாள். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது சொல்வதை வகுப்பில் ஜேர்மனில் எழுதச் சொன்னார்களாம். இவள் போவதையும் எழுதி, திரும்பி வருவதையும் எழுதியிருக்கிறாள். வருவதை ஆசிரியர் வெட்டிவிட்டார்.

“வெறுமன போறன் எண்டு அம்மாட்ட எப்பிடியக்கா சொல்லுறது?”

செத்த வீட்டில்கூட நாங்கள் பேசாமல் எழும்பிப் போவோமே தவிர, ‘போறன்’ என்று சொல்வதில்லை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, “போயிட்டு வாறன் அக்கா” என்றாள். இனி என்னை எங்கே காணப்போகிறாள்.

ஜேர்மனியில் இருக்கும் நண்பர்களே, நீங்கள் சொல்லிவிட்டுப் போன ‘வாறன்’-ஐயும் அந்த ஆசிரியர்தான் வெட்டினாரா?