ஏழாம் அத்தியாயத்தின் மாதிரி எண்

கைப்பேசிக்குப் பொத்தான்கள் இருந்த காலத்தில், வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஔலு நகரத்தில் வேலை இல்லாதவன் என்று ஒருவன் கிடையாது. கம்பெனிகள் நிறைந்த லின்னன்மா பேட்டைப் பக்கம் போய் ஒரு கல்லை எறிந்தால் அது கைப்பேசி செய்கிறவன் தலையில்தான் விழும். நானும் அங்கேதான் இருந்தேன். இப்போது என் அக்கா மகனிடம் அதையெல்லாம் சொன்னால், ஏதோ நீராவி ரயில் ஓட்டியவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். பார்க்கட்டும்.

எங்கள் கம்பெனி கைப்பேசி செய்தது. ஆனால் நானும் என்னோடு வேலை பார்த்த தெர்த்து மொய்லனென் அம்மாளும் கைப்பேசி செய்யவில்லை. உலகம் முழுக்க அந்தக் கைப்பேசிக்குச் செயலி எழுதுகிறவர்களுக்கு, எதை எப்படிச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று வழிகாட்டி நூல் தயாரிப்பது எங்கள் வேலை. மாதிரி நிரல்களை நான் எழுதுவேன். விளக்கத்தை அவர் எழுதுவார். நானூறு பக்கம், இருபத்திரண்டு அத்தியாயம். அதைப் படித்தவர்களைவிடத் திட்டியவர்களே அதிகம்.

தெர்த்துவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கணினிப் படிப்பு எதுவும் கிடையாது. அதற்கு முன் பதினெட்டு வருடம், சவுனா என்கிற நீராவிக் குளியல் அறைக்கு வைக்கிற அடுப்பை எப்படிப் பொருத்துவது என்று காகிதம் எழுதிக்கொண்டிருந்தவர். அதில் ஒரு வரி பிசகினால் ஒரு வீடே எரிந்துபோகும். அந்தப் பயம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. தான் கையால் செய்து பார்க்காத ஒரு வரியையும் அச்சுக்கு விடமாட்டார். அவருடைய மேசை இழுப்பறையில் பத்தொன்பது கைப்பேசிகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சார்ஜர். உறைபனியில் பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க, கையுறையோடு பேருந்து நிறுத்தத்தில் போய் நின்று அழுத்திப் பார்த்துவிட்டு வருவார். மூக்கு சிவந்து திரும்பி வந்து, "இல்போ, நீ எழுதினது பொய்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏழாம் அத்தியாயம், செயலியிலிருந்து குறுஞ்செய்தி அனுப்புவது எப்படி என்பது. மாதிரியில் பெறுகிறவர் எண் என்ற இடத்தில் நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போட்டிருந்தேன். தெர்த்து அதை அப்படியே ஓட்டிப் பார்த்தார்.

"மெசேஜ் போகலையே."

"எப்படிப் போகும்? அது சும்மா மாதிரி. எழுதுறவன் அவனுக்கு வேணும்கிற நம்பரைப் போட்டுக்குவான்."

"போடலைன்னா?"

"அவ்வளவு மடையன் எவன் இருப்பான்?"

"அடுப்பைத் தலைகீழா மாட்டினவனை நான் பார்த்திருக்கேன், இல்போ."

சொல்லிவிட்டு, எண்களை அழித்துத் தன் அலுவலகக் கைப்பேசி எண்ணைத் தட்டினார். "மாத்த மறந்தாலும் பாழும் கிணத்துல விழாம ஒரு மனுஷிகிட்ட வந்து சேரட்டும்" என்றார். கீழே, 'இது செயல்படும் எண்' என்று ஒரு வரியும் சேர்த்தார். சரிபார்த்தவன் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். காபி ஆறிக்கொண்டிருந்தது, அதுதான் காரணம்.

நூல் வெளிவந்த வாரத்திலேயே தொடங்கிவிட்டது. க்ராகோவிலிருந்து 'சோதனை'. சாவ் பாவ்லோவிலிருந்து 'ஹலோ உலகமே'. ஹனோயிலிருந்து வெறும் 'அ அ அ அ'. மடையர்கள் உலகமெங்கும் சமமாகத்தான் பரவியிருந்தார்கள். தெர்த்து ஒருவரையும் விடாமல் பதில் போட்டார்: 'வந்து சேர்ந்தது. இனி எண்ணை மாற்றிக்கொள்ளவும். தெர்த்து.' மதியம் இரண்டு மணிக் காபிக்கு நாங்கள் கூடும்போது, இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அன்றைய செய்திகளைப் படித்துக் காட்டுவார். அந்த அறையில் நாங்கள் சிரித்த சிரிப்பு அடுத்த மாடிவரை கேட்கும். அப்படி ஒரு வேலை இனி எனக்கு வாய்க்காது.

ஒரு செய்தி மட்டும் நிற்கவே இல்லை. எஸ்தோனியாவிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு, ஒரே வரி: 'எழுந்துவிட்டேன்.'

விசாரித்துப் பார்த்தோம். தனியாக வசிக்கும் முதியவர்களுக்காக அங்கே யாரோ ஒரு செயலி செய்திருந்தார்கள். காலையில் எழுந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ செய்தி போகும். ஒரு நாள் போகவில்லை என்றால் அவர்கள் வந்து பார்ப்பார்கள். நல்ல செயலிதான். ஆனால் எங்கள் மாதிரி எண்ணை எடுக்காமல் அப்படியே கட்டத்தில் விட்டுவிட்டார்கள். பயன்படுத்துகிறவர் மாற்றினால் உண்டு, இல்லையென்றால் தெர்த்துதான். எண்ணை மாற்றச் சொல்லி அவரும் மூன்று முறை எழுதினார். மறுநாள் ஏழு மணிக்கு, 'எழுந்துவிட்டேன்.' பிறகு அலுத்துப்போய், தினமும் 'வந்தது. தெர்த்து' என்று மட்டும் போட ஆரம்பித்தார். அப்படியே பதினான்கு மாதம்.

அப்போதுதான் கம்பெனியை மூடப் போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்தது. பிப்ரவரி கடைசியில் எல்லா அலுவலக எண்களும் துண்டிக்கப்படும். எதை எதைத் துண்டிப்பது என்று பட்டியல் தயாரிக்கும் புண்ணிய காரியத்தை என் தலையில் கட்டினார்கள்.

"என் நம்பரும் அதுல இருக்கா?" என்று வந்து கேட்டார் தெர்த்து.

"முதல் வரியே உன்னோடதுதான். புத்தகத்துல அச்சான நம்பர் எதுவும் உயிரோட இருக்கக் கூடாதுன்னு வக்கீல்கள் உத்தரவு."

"அந்தாளு?"

"எந்தாளு?"

"ஏழு மணி ஆளுப்பா! மகன் பார்த்துக்கிட்டு இருக்கான்னு நினைச்சுக்கிட்டு அவர் பாட்டுக்கு அழுத்திக்கிட்டே இருப்பார். ஒரு நாள் எழுந்திருக்கலைன்னா ஒருத்தருக்கும் தெரியாது."

காபி அறையிலேயே, ஒலிபெருக்கியைப் போட்டு அந்த எண்ணை அழைத்தார். ஒரு கிழவர் எடுத்தார். பெயர் எண்டெல். லொக்சா என்ற கடற்கரை ஊர், கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டு ஒளிபரப்புக்குத் தடை இருந்த காலத்தில், கடலுக்கு இக்கரையிலிருந்து வந்த எங்கள் தொலைக்காட்சியைத் திருட்டுத்தனமாகப் பார்த்துப் பார்த்தே எங்கள் மொழியைக் கற்றவர், அதனால் பேச்சில் பழைய விளம்பர வாடை அடித்தது.

"நான் தெர்த்து பேசறேன்."

"தெரியுமே. தினமும் பேரைப் போட்டுத்தானே அனுப்புறீங்க."

"நீங்க தப்பான நம்பருக்கு அனுப்பிக்கிட்டு இருக்கீங்க. தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்மா."

"பின்னே ஏன் மாத்தலை? எத்தனை தடவை எழுதினேன்!"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"யாரோட நம்பரைப் போட? சொல்லுங்க. அந்தக் கட்டத்துல ஏற்கெனவே ஒரு நம்பர் இருந்துச்சு. அதை அழிச்சா அங்க போடறதுக்கு எனக்கு ஆளில்லை. சரி, யாரோ இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். நீங்க பதில் வேற போட்டுட்டீங்க."

தெர்த்து ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "நாளைக்கும் அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் பக்கம் திரும்பினார். "பட்டியலை எடு."

"தெர்த்து, வக்கீல்..."

"வக்கீல் கிடக்கட்டும். 'இது செயல்படும் எண்'னு நான் எழுதினேன். நீ கையெழுத்துப் போட்டே. மார்ச் ஒண்ணாம் தேதி அது பொய்யாப் போகும். அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்."

எனக்கு வயது நாற்பது ஆகியிருந்தது. அந்த அம்மாள் முன்னால் பள்ளிக்கூடத்துப் பையன்போல உட்கார்ந்து பட்டியலின் முதல் வரியை அடித்து நீக்கினேன். எண்ணை அவர் சொந்தப் பெயருக்கு மாற்றும் தாளை நானே எழுதினேன். எங்கள் மேலாளர் சம்ப்போ அதைப் பார்த்துவிட்டு, "இது அந்தப் புத்தக நம்பர் மாதிரி இருக்கே?" என்று இழுத்தார். "அடுப்புக் கம்பெனியில இருந்தப்பவே அவங்க வச்சிருந்த நம்பர்" என்று கூசாமல் புளுகினேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். பாவம், அவருக்கும் வேலை போகத்தான் போகிறது, அவர் எதைப் பார்ப்பார்?

பிறகு நாங்கள் சிதறிப்போனோம். நான் பாலம் கட்டும் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கீட்டு நிரல் எழுதப் போனேன். தெர்த்து ஓய்வு பெற்றார். கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பிக்கொள்வோம், அவ்வளவுதான். ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இரண்டு வருடம் ஓடியது. இருபது நிமிட சைக்கிள் தூரம்.

ஓர் அக்டோபரில், கடையில் பால் எடுக்கும்போது பழைய தோழி ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, தெர்த்து மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று. ஓடினேன். ஆஸ்பத்திரிக்கு வந்ததற்கு முந்தின நாள் மாலை சமையலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. விடிய விடியத் தரையிலேயே கிடந்திருக்கிறார். போன் கூடத்தில் இருந்திருக்கிறது.

"யாரு கண்டுபிடிச்சது?"

"எண்டெல்" என்றார், தலையணையில் சாய்ந்தபடி. "ஏழு மணிக்கு மெசேஜ் போட்டிருக்கார். என் பதில் போகலை. ஒன்பது வரைக்கும் பொறுத்துப் பார்த்துட்டு, அவசர எண்ணுக்குப் போன் போட்டு, ஔலுவுக்கு இணைப்புக் குடுங்கடான்னு சண்டை போட்டிருக்கார். என் நம்பரை வச்சு வீட்டைத் தேடிப் பிடிச்சு, தீயணைப்புக்காரங்க வந்து கதவை உடைச்சாங்க."

நான் கொண்டுபோன பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"உனக்குன்னு யாரும் இல்லைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தெர்த்து."

"எட்டு வருஷம் ஒரே மேசையில உட்கார்ந்து காபி குடிச்சோம், இல்போ. நீ கேட்டியா?"

கேட்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த, முகம் பார்த்திராத ஒரு கிழவர் ஒன்பது மணிக்குள் கேட்டுவிட்டார். எனக்கு மூன்று நாளும் ஒரு பால் கடையும் தேவைப்பட்டன.