பங்கு போன ராக்கெட்

எங்கள் தெருவில் யாராவது சபரிலிருந்து திரும்பினால், வந்த அன்றைக்கே பெட்டி பிரித்தாக வேண்டும். வெளிநாட்டுப் பிழைப்பைத்தான் நாங்கள் சபர் என்போம். அத்தர் வாசனையும் புதுக் கம்பளி வாசனையும் கலந்தடிக்கும் அந்த அட்டைப்பெட்டியைச் சுற்றி, கூப்பிடாமலே சொந்தபந்தம் முழுக்க வந்து உட்கார்ந்துவிடும். சோப்பு, தைலம், டார்ச் லைட், சேலை என்று எல்லாம் வீட்டுக்கு வீடு பங்கு போகும். பங்கு பிரிப்பதில் எங்கள் அம்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெருநாள் கறியானாலும் சரி, துபாய்ச் சோப்பானாலும் சரி, அம்மா பிரித்துக் கொடுத்தால் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. அந்தப் பெருமையில்தான் என் ராக்கெட் நாசமாய்ப் போனது.

எனக்கு அப்போது ஒன்பது பத்து வயதிருக்கும். அத்தா இரண்டு மாத லீவில் வந்திருந்தார். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். பம்பாயில் இறங்கி, ரயில் பிடித்து மெட்ராஸ் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்த மனுஷர், சோறு தின்ற கையோடு உள்ளறையில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டார். கூடத்தில் கூட்டம் காத்துக் கிடந்தது. "அவங்க தூங்கட்டும், பாவம். நாம பிரிச்சிடுவோம்" என்று அம்மா கத்தியை எடுத்து வந்து கயிற்றை அறுத்தாள்.

கம்பளி மடிப்புக்குள் அந்தப் பாக்கெட்டுகள் செருகியிருந்தன. கண்ணாடிப் பைக்குள் நீலமும் சாம்பலுமாய்க் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் துண்டுகள். ஒவ்வொரு துண்டின் தலையிலும் சின்னச் சின்னக் குமிழ்கள்.

"என்னாடி இது, சட்டைப் பட்டனா?" என்றார் மாமி. மாமி என்றால் அத்தாவின் கூடப்பிறந்த அக்கா. எங்கள் வீட்டுப் பெட்டிக்கு முதல் வரிசையில் உட்காரும் உரிமை அவருக்கு உண்டு.

அம்மா ஒரு பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் கூடத்தில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். "விளையாட்டுச் சாமான்க்கா. புள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒண்ணுன்னு வாங்கியாந்திருக்காங்க. பாருங்களேன், கணக்கா இருக்கு!" என்றாள். என்ன கெட்ட நேரமோ, பாக்கெட்டும் பிள்ளைகளும் கச்சிதமாக ஒத்துப் போயின. என் கைக்கு வந்த பையில் மஞ்சள் கண்ணாடித் துண்டுகளும் சில சாம்பல் குழாய்களும் இருந்தன. மாமி மகனுக்குப் போன பையில், தலைக்கவசம் போட்ட இரண்டு குட்டி மனுஷர்கள் இருந்தார்கள். எந்தப் பையிலும் அடங்காமல் தனியாக, மேடும் பள்ளமுமாய், குழி விழுந்த சாம்பல் நிறத் தகடு ஒன்றும் இருந்தது. அது எந்தப் பிள்ளையின் பங்கிலும் சேரவில்லை. "முட்டை வைக்க நல்லாருக்கும்" என்று அம்மா அடுப்படிக்கு எடுத்துப் போனாள். அது நிலா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

சாயந்தரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு அத்தா எழுந்தார். முகம் கழுவிக்கொண்டு வந்து, என்னைப் பார்த்து, "ராக்கெட் எப்படிம்மா? பிடிச்சிருக்கா?" என்றார்.

எந்த ராக்கெட் என்று நான் முழித்தேன். அம்மாவும் முழித்தாள். அத்தா தன் கைப்பையிலிருந்து மடித்த படத்தாள் ஒன்றை எடுத்து விரித்தார். கறுப்பு வானம். கீழே குழி குழியாய் நிலாத் தரை. அதன்மேல் நீல இறக்கைகளோடு ஒரு ராக்கெட், மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் குட்டி மனுஷர்கள். அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எல்லாப் பாக்கெட்டும் சேர்ந்தாத்தாம்மா ஒரு ராக்கெட்டு" என்றார் அத்தா. "ராக்கெட்டோட அட்டைப்பொட்டி பெருசா இருந்துச்சு. எடத்தை அடைக்குதேன்னு அதை ரூம்லயே பிரிச்சுப் போட்டுட்டு, பாக்கெட்டை மட்டும் சொருகினேன். மிச்ச எடத்துல அக்காவுக்கு ரெண்டு சேலை வச்சேன்." சபர் போன எல்லோரும் செய்கிற காரியம்தான். செருப்பைக்கூட அட்டையில்லாமல்தான் கொண்டு வருவார்கள். இன்னொருத்தருக்கு இன்னொரு சாமான் வைக்கலாமே.

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். "யா அல்லா! நான் என்னத்தைக் கண்டேன்!"

"போய் வாங்கிட்டு வாங்க!" என்று நான் கத்தினேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான்.

"பங்கு வச்சதைத் திருப்பிக் கேக்குறதா? அப்புறம் தெருவுல தலை காட்ட முடியுமாடி?"

கொடுத்தது கொடுத்ததுதான் என்று அத்தாவுக்கும் தெரியும். படத்தாளை என்னிடம் நீட்டினார். "வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு நடக்குற வழியில ஒரு கடைம்மா. கண்ணாடிக்குள்ள வச்சிருந்தான். தினம் நின்னு பார்ப்பேன். நீயும் நானும் உக்காந்து கட்டலாம்னு..." என்று இழுத்தார்.

அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நீயும் நானும். என் அத்தாவை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. நான் பிறந்தபோதும் அவர் சபரில் இருந்தார், பள்ளிக்கூடம் சேர்ந்தபோதும் சபரில் இருந்தார். அவர் பேசிப் பதிந்து அனுப்பும் கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டால் வரும் குரல்தான் எனக்கு அத்தா. அந்தக் குரல் "நல்லாப் படிக்கிறியாம்மா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லவும் இடம் விடும். லீவில் வந்தால், வெட்கம் போய்ப் பக்கத்தில் உட்காரும் தைரியம் எனக்கு வருவதற்குள் லீவு முடிந்துவிடும். பேச ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு ராக்கெட்டை நடுவில் வைத்துக்கொண்டு, இதை எடு, அதை மாட்டு என்று உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? இந்த லீவு முடிவதற்குள் அவரோடு அதைக் கட்டிவிட வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

லீவோ ஓடியது. கல்யாண வீடு, சாவு விழுந்த மௌத்து வீடு, விசா கேட்டு வரும் ஆட்கள், பின்கட்டில் புதிதாக எழுப்பும் சுவருக்கு மணல் வண்டி என்று அத்தாவை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நான் படத்தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாய்ப் போனேன். திருப்பிக் கேட்கத்தானே கூடாது? மாற்றிக்கொள்ளலாமே! பென்சில் பெட்டிக்கு ஒரு பாக்கெட் தேறியது. சாயந்தரமே அந்தப் பிள்ளையின் அம்மா பென்சில் பெட்டியோடு வந்து, "சின்னப் புள்ளைங்க கொடுக்கல் வாங்கல் நமக்குள்ள எதுக்கு" என்று பாக்கெட்டைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார். மாமி மகன் குட்டி மனுஷர்களை டி.வி. மேல் நிற்க வைத்திருந்தான். தொடக்கூட விடவில்லை. "இது எங்க மாமா எனக்குக் கொடுத்தது" என்றான். உங்க மாமா எனக்கு அத்தாடா என்று சொல்லி அவன் தலையில் ஒன்று வைத்தேன். அதற்கு எனக்கு முதுகில் விழுந்தது.

மணல் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த அத்தா, நான் அழுவதைப் பார்த்து எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். "இவ்வளவுதானே? கேக்கத்தானே கூடாது, கூப்பிடலாமே" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு. நெய்ச்சோறு, தாளிச்சா, ஆரஞ்சுத்தூள் கரைத்த ஜூஸ். வரும்போது அவரவர் பாக்கெட்டோடு வர வேண்டும். ஒருத்தர் பாக்கி இல்லாமல் வந்தார்கள். அம்மா முட்டைகளைப் பானைக்கு மாற்றி, நிலாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். அத்தா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று காலையிலிருந்தே மனசுக்குள் திட்டம் போட்டு வைத்திருந்தேன். எங்கே விட்டார்கள்? "மாமா, என்னோடதை மாட்டுங்க! சின்னத்தா, என்னோடதை மாட்டுங்க!" என்று அவர் மடியிலும் தோளிலும் பிள்ளைகள் ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்தார்கள். படத்தாளும் என் கையை விட்டுப் போயிற்று. எழுத்தே இல்லாத, படம் மட்டும் போட்ட தாள். அதைப் பார்த்து அத்தா தடுமாறினார். மாட்டியதைக் கழற்றினார், தலைகீழாய் மாட்டினார், தன்னைப் பார்த்துத் தானே சிரித்தார். ஆனாலும் ராக்கெட் எழும்பியது. என் மஞ்சள் கண்ணாடியை நான் கூட்டத்துக்கு மேலே கை நீட்டித்தான் கொடுத்தேன். மாமி மகன்கூட மனசு இரங்கி, குட்டி மனுஷர்களை உள்ளே உட்கார வைத்தான். சத்தியமாய்ச் சொல்கிறேன், படத்தில் இருந்ததைவிட நேரில் அழகாயிருந்தது.

எவ்வளவு நேரம் நின்றிருக்கும்? பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். வாசலில் மாமி, "வாங்கடா, போவோம்" என்று குரல் கொடுத்தார். பிள்ளைகள் அவரவர் துண்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள். இறக்கை ஒரு வீட்டுக்கு, மூக்கு ஒரு வீட்டுக்கு. நான் தரையில் விழுந்து புரண்டு கத்தினேன். "விடுடி, அவங்க அவங்க பங்கு" என்றாள் அம்மா. எனக்கு அம்மாவைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

எல்லோரும் போனபின் அத்தா என்னை எழுப்பி உட்கார வைத்து, தன் கைலி முனையால் மூக்கைத் துடைத்தார். "அடுத்த சபர்ல உனக்குன்னு ஒண்ணு வாங்கியாரேன். பொட்டியில போட மாட்டேன், என் கைப்பையிலயே கொண்டாருவேன். யாருக்கும் காட்ட வேணாம். நீயும் நானும் மட்டும். இன்ஷா அல்லா" என்றார். அடுத்த வாரம் வேன் வந்தது. வாழைத்தாரும் ஊறுகாயும் ஏற்றினார்கள். அத்தா போய்விட்டார்.

அந்த இரண்டு வருஷத்தை எப்படிச் சொல்வது? கேசட் வரும்போதெல்லாம், "நான் சொன்னது ஞாபகம் இருக்கும்மா" என்று ஒரு வார்த்தை வரும். அம்மாவுக்குப் புரியாது, எனக்குப் புரியும். அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்பேன். குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வந்தது, நாற்றங்கால் பச்சையானது, அறுப்பு முடிந்து வயல் காய்ந்தது, மறுபடி தண்ணீர் வந்தது. இடையில் நான் வயசுக்கு வந்துவிட்டேன். தாவணி கட்டி, ஸ்டூடியோவில் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து அம்மா அத்தாவுக்கு அனுப்பினாள்.

அத்தா வந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார். தலையைத் தடவ வந்த கை பாதியில் நின்று தோளைத் தட்டியது. கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே தங்க நிறத்தில் ஒரு கைக்கடிகாரம். "மாஷா அல்லா" என்றார் மாமி. நான் அன்று மத்தியானம் யாருமில்லாதபோது அந்தக் கைப்பையைத் தலைகீழாய்க் கவிழ்த்துத் தேடினேன். பாஸ்போர்ட்டும் சீப்பும்தான் விழுந்தன. தாவணி கட்டிய பெண் ராக்கெட் எங்கே என்று எப்படிக் கேட்பாள்? மறந்துவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்தக் கடிகாரத்தை நான் கட்டவே இல்லை. வருஷக் கணக்கில் அந்த ஆத்திரத்தை வைத்திருந்தேன்.

பிறகு காலம் போன வேகம் தெரியவில்லை. கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். ஒரு காலத்தில் கம்பளிக்குள் ஒளிந்து கடல் தாண்டி வந்த சாமானெல்லாம் இங்கே கடைகளில் பளபளவென்று மாடி மாடியாய் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அத்தாவும் சபர் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுக் கணக்கு முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்தார். ஒரு கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, என் மகள் தன் பிளாஸ்டிக் துண்டுகளைக் கூடத்தில் கொட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அத்தா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவளருகே உட்கார்ந்தார். துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி மாட்டினார். தடுமாறவே இல்லை. கூர் மூக்கு வந்தது, இறக்கை வந்தது.

"நன்னா, எப்படி இவ்வளவு ஃபாஸ்ட்டா கட்டுறீங்க!" என்றாள் மகள் தாத்தாவிடம்.

"அத்தா, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நானும் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல், கையிலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாங்கினேன்மா, உனக்குன்னு. சொன்ன மாதிரி. உன்கூட உக்காரும்போது முழிக்கக் கூடாதேன்னு, வெள்ளிக்கிழமை லீவுல ரூம்ல கட்டிப் பார்ப்பேன். பிரிச்சுட்டு மறுபடியும் கட்டுவேன். ரூம்ல இருக்கிறவனுங்க எல்லாம் சுத்தி உக்காந்து கேலி பண்ணுவானுங்க. போகப் போக படம் பார்க்காமலே வந்துச்சு. ஊருக்குக் கெளம்புற நேரத்துல உன் போட்டோ வந்துச்சு, தாவணியோட. பெரிய மனுஷியா நின்னே. இதைக் கொண்டாந்து கொடுத்தா சிரிப்பியோன்னு நெனச்சேன். ரூம்ல ஒரு தம்பி ஊருக்குப் போனான். அவன் மவளுக்குக் கொடுத்து விட்டுட்டேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. யாரோ முகம் தெரியாத ஆண்கள் அந்த அறையில் அவரைச் சுற்றி உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நான் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் அது. அவர்கள்மேல் பொறாமையில் வயிறெரிந்தது.

"நான் சிரிச்சிருக்க மாட்டேன் அத்தா" என்றேன்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்குறவனுக்கு அது எப்படிம்மா தெரியும்?" என்றார் அத்தா.