எதிர்வீட்டிலிருந்து வந்த வாடை

ஒரு ஜாடியை உடைத்து ஒரு குடும்பத்தையே தெருவை விட்டு அனுப்பியவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது.

காரைக்குடியில் எங்கள் தெருவைப் பர்மாத் தெரு என்பார்கள். ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் குடியேறிய தெரு. அப்பா கைக்குழந்தையாக வந்தவர். அவரை இடுப்பில் சுமந்துகொண்டு கப்பலிலிருந்து இறங்கியது அவருடைய அக்கா, எங்களோடு இருந்த என் அத்தை. நான் பிறப்பதற்குள் பாதி வீட்டுப் பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளுக்குப் புதியவர்கள் வரத் தொடங்கினார்கள். இன்றைக்குப் போனால் பாதித் தெரு ஒடிசா, மீதி ராஜஸ்தான். மளிகைக் கடைக்காரர் இந்தியில் விலை சொல்கிறார். ஆனால் அன்றைக்கு வந்திருந்தது ஒரே குடும்பம், எங்கள் எதிர்வீட்டில். ராஜஸ்தான்காரர்கள். கணவர் மார்பிள் பதிக்கிறவர். மனைவி முக்காட்டை இழுத்துவிட்டபடியே கோலம் போடப் பழகிக்கொண்டிருந்தார். மகளுக்கு என் வயது. 'வா, போ, அவுட்டு' என்று மூன்றே தமிழ் வார்த்தைதான் அவளுக்குத் தெரியும். பாண்டி ஆட அது தாராளமாகப் போதும்.

அந்த வீட்டின் சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். சாவியை வைத்திருந்து அவர்களைக் குடிவைத்தது அப்பாதான். "இப்படியே ஒண்ணொண்ணா வந்தா, தம்பி, தெரு நம்ம தெருவாவா இருக்கும்?" என்று தெருக்கோடி வீட்டுப் பெரியம்மா அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அப்பா சிரித்து மழுப்புவார்.

அத்தை மதுரையில் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரம் அது. முறுக்கு டின்னைத் தேடிப் பரணில் ஏறினேன். கை பட்டு ஒரு ஜாடி சாய்ந்தது, கழுத்தோடு உடைந்தது. உள்ளே இருந்தது நாப்பி. கூனி இறாலை உப்புப் போட்டு இடித்துப் புளிக்கவைக்கிற பர்மா விழுது. பர்மாவே தெரியாத, பக்கத்துப் பள்ளத்தூரில் பிறந்த அம்மா முகம் சுளிப்பாள் என்று அத்தை ஒளித்துவைத்திருந்தார். நான் ஒரு சாக்கை எடுத்து மேலே போர்த்திவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல இறங்கிவிட்டேன்.

மறுநாள் வெயில் ஏறியதும் வாடை கிளம்பியது. அடேயப்பா, என்ன வாடை! வாசல் தாண்டித் தெருவுக்கே போய்விட்டது.

"என்னங்க, பரண்ல எலி கிலி செத்துக் கெடக்கான்னு பாருங்க" என்றாள் அம்மா.

அப்பா பரணுக்குக் கீழே வந்து நின்றார். மூச்சை இழுத்தார். ஒருமுறை கண்ணை மூடினார். "நம்ம வீடு இல்ல. எதுத்த வீட்டுலேருந்து வருது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அப்பாடா, தப்பித்தேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சற்று நேரத்தில் எதிர்வீட்டு வாசலில் கூட்டம். பெரியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னத்தத்தான் சமைப்பாகளோ, கொடலப் புடுங்குது!" என்றார்.

எதிர்வீட்டு அம்மா பாத்திரங்களை ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்து வந்து திறந்து காட்டினார். பருப்பு. ரொட்டி. உருளைக்கிழங்கு. "மீன் இல்லே அக்கா. நாங்க மீன் சாப்பிடாது. முட்டை கூட இல்லே." யாருமே குனிந்து பார்க்கவில்லை. அவர் கணவர் கைகூப்பி நின்றார். அவர்கள் மகள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து வந்து என் கையைப் பற்றிக்கொண்டாள். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் முதுகுத் தோல் உரியும். விழுங்கிவிட்டேன்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வேற வீடு பாத்துக்கங்க" என்றார் அப்பா. தெருநாய்க்கு ஒரு பிடி வைக்காமல் சாப்பிட உட்காராத என் அப்பா!

ஞாயிறு காலை மினி லாரி வந்தது. அந்த அம்மா வீட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு அப்பாவின் கையில் சாவியைக் கொடுத்தார். மகள் தன் பாண்டிச் சில்லை, ரோஸ் நிற மார்பிள் துண்டு, என் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு லாரியில் ஏறினாள்.

மதியம் அத்தை வந்தார். வந்ததும் பரணில் ஏறினார். நான் ஓவென்று அழுது எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். யாரும் அடிக்கவில்லை. அத்தை அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னப்புள்ளயில இது இல்லாம ஒனக்குச் சோறு எறங்காதேடா" என்றார்.

அப்பா திரும்பி, பூட்டிய எதிர்வீட்டைப் பார்த்தார்.

உடைந்த ஜாடியின் அடியில் பாதி நாப்பி அப்படியே இருந்தது. சாயங்காலம் அத்தை அதை வழித்தெடுத்து வெங்காயமும் வரமிளகாயும் போட்டு வறுத்தார். அடுப்பை அணைக்கக்கூட இல்லை, அதற்குள் பெரியம்மா கையில் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"அக்கா, நாப்பி வறுக்கிறீகளா? தெருக்கோடி வரைக்கும் மணக்குதே!"

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீட்டார் கிண்ணங்களோடு வந்தார்கள். அத்தை யார் முகத்தையும் பார்க்காமல் போட்டுக் கொடுத்தார். அடி விழாத சந்தோஷத்தில் நானும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

உடைத்ததும் நான், மறைத்ததும் நான், அவர்கள் போனது என்னால்தான் என்றே பல வருடம் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன். அந்தப் பெரியம்மாவின் மூக்குக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெரிந்த நாப்பி, கூட்டம் கூடிய அன்றைக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்று கேட்க எட்டு வயதில் எனக்குத் தோன்றவில்லை.