அவள் வயிற்றை நான் தப்பாக நினைத்தது

என் தம்பி மகள் பேராவூரணியிலிருந்து கல்லூரிப் படிப்புக்காகத் தஞ்சாவூர் வந்து, என் வீட்டில் தங்கியிருக்கிறாள். ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவள். விடியும் முன்பே மைதானத்துக்குப் போய்விடுவாள்.

வந்த புதிதில் தட்டு நிறையச் சாப்பிட்டவள், இந்தச் சம்பா நடவு சமயத்தில் குறைக்க ஆரம்பித்தாள். கேட்டால், "காலேஜ்லயே சாப்பிட்டுட்டேன் அத்தை" என்பாள். சில நாள் மட்டும் குண்டானில் இருப்பதையெல்லாம் வழித்துச் சாப்பிடுவாள். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பாள். தண்ணீர்ச் சத்தத்தை மீறி எனக்குக் கேட்கும்.

எங்கள் வீட்டில் மாதவிலக்கு நாளில் பெண்கள் சாமி விளக்கு ஏற்றமாட்டோம். மாலை விளக்கு அவள் வேலை. தீபாவளிக்கு முன்னாலிருந்து கார்த்திகை வரைக்கும் ஒரு நாள்கூட அவள், "இன்னிக்கு நீங்க ஏத்துங்க அத்தை" என்று சொல்லவில்லை. வாந்தியையும் இதையும் சேர்த்துப் பார்த்தேன். என் புத்தி போகக்கூடாத இடத்துக்குப் போனது.

அவளிடமே கேட்டிருக்கலாம். அந்தப் பேச்சைப் பேச எனக்குக் கூச்சம். ஆனால் தம்பி பெண்டாட்டிக்குப் போன் போட்டு, "உம் பொண்ணு குளிச்சு ரெண்டு மாசம் ஆச்சு, கெளம்பி வா" என்று சொல்ல மட்டும் வாய் வந்தது.

அவள் வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மகளின் முடியைப் பிடித்து, "எவன்டி அவன்?" என்றாள்.

பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என்னைப் பார்த்தாள்.

"ஓடி முடிச்சா நிக்கவே தெம்பில்ல, இதுல எவன் பின்னாடிம்மா நான் போறது? வெயிட்டு கொறஞ்சா வேகம் வரும்னு கோச் சொன்னாரு. சாப்பிட்டத நானே வெரல விட்டு எடுத்துடுறேன். அத்தை, நீங்க என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

தாய் கையை எடுத்தாள். விரலிடுக்கில் கொத்தாக முடி வந்தது. அவள் அப்படியொன்றும் பலமாக இழுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, உடம்பில் சத்தில்லாததால்தான் விலக்கு நின்றிருக்கிறது, நாடியும் மெதுவாக அடிக்கிறது என்றார். இப்போதைக்கு ஓடக்கூடாது என்றார். சாப்பிடும்போதும் சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரமும் திட்டாமல் யாராவது கூடவே உட்கார வேண்டுமாம்.

"யாரு உக்காருவீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெண் சொன்னாள்: "அம்மா இருக்கட்டும். அத்தை வேணாம்."

தம்பி பெண்டாட்டி இங்கேயே தங்கிவிட்டாள். இரண்டு இட்லியைத் தின்று முடிக்க அந்தப் பெண்ணுக்கு வெகுநேரம் ஆகிறது. அதுவரை நான் கொல்லையில் நிற்கிறேன்.

"வெயில்ல ஏன் நிக்கிறீங்க அண்ணி, உள்ள வாங்க" என்று கூப்பிடுகிறாள். துணி காயப்போடுவதாகச் சொல்கிறேன்.

உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்பு என்று அந்தப் பெண்ணிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.