தில்லைநகருக்கு ஒப்பாரி வைக்கப் போனேன்

சனிக்கிழமை காலையில, உப்பிலியபுரம்.

கையில பையோட நான் பஸ் ஸ்டாண்டுல நின்னாலே எங்கயோ எழவுன்னு ஊருக்கே தெரியும். சுத்துப்பட்டுல யாரு செத்தாலும் ஒப்பாரி வைக்க என்னைத்தான் கூப்புடுவாங்க. டீக்கடைக்காரரு கேட்டாரு, "எங்க ஆயா, யாரு போயிட்டா?"

"யாரும் போவல. டிவியில பாடப் போறேன்."

அவரு சிரிச்ச சிரிப்புல டீ பூரா கீழ ஊத்திப்போச்சு. சிரிங்க சிரிங்க, அந்த டீக்கு நான் காசு தரமாட்டேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

விஷயம் இதுதான். எம் மவன் முருகேசன் துவாக்குடியில ஒரு கம்பெனியில வெல்டரு. குடும்பம் ஸ்ரீரங்கத்துல. அவம் பொண்ணு நிவேதா காலேசு படிக்கிறா, நல்லா விசில் அடிப்பா. தெருப் பசங்க அடிக்கிற விசில் இல்லீங்க, வெரலே வைக்காம ஒரு முழுப்பாட்ட வளைவு நெளிவோட அடிப்பா. ஏதோ ஒரு டிவிக்காரங்க திருச்சிக்கு வந்து தெறமக்காரங்கள எடுக்குறாங்கன்னு இவ விசில வீடியோ புடிச்சு அனுப்பியிருக்கா. மொத ரவுண்டு தேறிட்டா. ரெண்டாவது ரவுண்டுக்கு வீட்டுப் பெரியவங்களையும் மேடை ஏத்துவோம், யாராச்சும் பாடுவாங்களான்னு கேட்டிருக்காங்க. இவ எங்க அப்பாயி ஒப்பாரி வைக்கும்னு சொல்லிட்டா. போன் பண்ணி, "அப்பாயி, நீ வந்தாத்தான் எனக்கு சீட்டு"ன்னு அழாத கொறையா கெஞ்சினா. எனக்கென்ன, கூப்ட்டா போறதுதானே தொழிலு.

துறையூர் பதினஞ்சு கிலோமீட்டர். அங்க மாறி திருச்சி பஸ்ஸு, முப்பத்தஞ்சு ரூவா டிக்கெட்டு. பக்கத்துல ஒரு அம்மா, பேரு ஜன்னத்து, பாலக்கரை. துறையூர்ல மவளப் பாத்துட்டுத் திரும்புறாங்க. மவன் துபாய்ல இருக்கானாம், அவன் வாங்கிக் குடுத்த போனுல வெள்ளக்காரங்க தெறமப் போட்டி ஓடிக்கிட்டிருக்கு. நானும் தெனம் பாக்குறதுதான். எட்டிப் பாத்தேன்.

"இது பிரிட்டனா அமெரிக்காவா?"ன்னு கேட்டேன்.

"பிரிட்டன்க்கா. நான் பிரிட்டன் மட்டுந்தான் பாப்பேன். அமெரிக்காவுல ரொம்ப அழுவுறாங்க."

"அழுவுறது நல்லதுதானே."

"பாட வந்தவ பாடணும்க்கா. அவங்க வீடு எரிஞ்சத எதுக்கு நான் பாக்கணும்?"

எனக்கு இங்கிலீஷு ஒரு வார்த்த தெரியாது. தெரியாததால ஏமாறவும் மாட்டேன், மூஞ்சியத்தான் பாப்பேன். பிரிட்டன்ல நடுவருங்க பொண்ணு பாக்க வந்த மாப்ள வீட்டுக்காரங்க மாதிரி. கசாயம் குடிச்ச வாயோட ஒக்காந்திருப்பாங்க. சாதாரண துணியில ஒரு பொம்பள வந்து நின்னா ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிப்பாங்க, சனமும் சேந்து சிரிக்கும். அவ வாயத் தொறந்தவொடனே எல்லாம் எந்திரிச்சு நிப்பாங்க. பஜ்ஜி சொஜ்ஜி தின்னு முடிக்கிற வரைக்கும் பொண்ணு கருப்பு குட்டைன்னு பேசிட்டு, நெலம் இருக்குன்னு தெரிஞ்சதும் பல்லக் காட்டுவானுங்கல்ல, அதே சிரிப்பு. ஆனா ஒண்ணு, அங்க யாரு வேணா வரலாம். மூக்கால பீப்பி ஊதுறவன், நாயோட டான்ஸ் ஆடுறவ, ஒண்ணுமே தெரியாதவன், எல்லாம் வருவாங்க.

அமெரிக்கா வேற. மேடையே தஞ்சாவூர் பெரிய கோயில் கணக்கா இருக்கும். ஆளு வரதுக்கு முன்னாடியே செத்துப்போன அம்மா போட்டோ, ஆஸ்பத்திரி கட்டிலு, பிடில் சத்தம். நடுவரு கண்ணத் தொடச்சதுக்கு அப்புறந்தான் பாட்டு. கடைசியில மேல இருந்து தங்கக் காயிதமாக் கொட்டும். கல்யாணத்தையும் கருமாதியையும் ஒரே பந்தலுக்குக் கீழ முடிச்சிருவாங்க.

"நான் அமெரிக்காக் கட்சி"ன்னேன்.

"ஏங்க்கா?"

"அழுவுற எடத்துலதானே எனக்கு வேலை."

ஜன்னத்து சிரிச்சாங்க. எம் பேத்தி போட்டிக்குப் போறான்னு சொன்னதும் போன மடியில வச்சுட்டு, "மாஷா அல்லா, எதுல?"ன்னாங்க. விசிலுன்னேன். "பொண்ணா?"ன்னாங்க. "பொண்ணுதான்"னேன். "அப்ப பிரிட்டன் மாதிரி சிரிப்பாங்க"ன்னாங்க. "சிரிக்கட்டும், எந்திரிச்சும் நிப்பாங்கல்ல"ன்னு சொல்லிட்டு ஸ்ரீரங்கம் பஸ் மாற நம்பர் ஒண்ணு டோல்கேட்டுல எறங்குனேன்.

பத்து மணி, ஸ்ரீரங்கம்.

மருமவ இட்லியும் தொட்டுக்க கடப்பாவும் வச்சிருந்தா. எதுத்த வீட்டு மாமி வாசல்ல நின்னு, "பெண் குழந்தை விசில் அடிச்சா லக்ஷ்மி தங்கமாட்டாளே"ன்னாங்க. "ஒங்க வீட்டுல ஒருத்தரும் அடிக்கலையே, தங்கிட்டாளா?"ன்னேன். மாமி உள்ள போய்ட்டாங்க. முருகேசன் லீவு போட்டு, சட்டைய இஸ்திரி பண்ணி தயாரா நிக்கிறான். மவ ஜெயிக்கிறத நேர்ல பாக்கணுமாம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ்ஸு. பொம்பளைங்க எங்க ரெண்டு பேருக்கும் இலவசம், முருகேசனுக்கு மட்டும் டிக்கெட்டு. ராஜகோபுரம் ஸ்டாப்புல கண்டக்டர் கீழ எறங்கி டைம் கீப்பரோட பேசிக்கிட்டிருக்காரு. நிவேதா ஜன்னலோரமா ஒதட்டக் குவிச்சு ஒரு விசில் விட்டுப் பாத்தா. டிரைவர் கியரப் போட்டு கெளம்பிட்டாரு! கண்டக்டர் பின்னாடியே ஓடி வந்து தொத்திக்கிட்டு, "யாருய்யா ரைட் குடுத்தது?"ன்னு கத்துறாரு.

"எம் பேத்திதான். டிரைவர் செலக்ட் பண்ணிட்டாரு, இனிமே டிவிக்காரன்தான் பண்ணணும்"னேன். பஸ்ஸே சிரிச்சுது. காவேரிப் பாலம் தாண்டுற வரைக்கும் கண்டக்டர் எங்க பக்கமே திரும்பல.

மத்தியானம், திருச்சி தில்லைநகர்.

ஒரு கல்யாண மண்டபத்துலதான் போட்டி. வாசல்ல வாழமரத்துக்குப் பதிலா லைட்டு கட்டியிருக்கு. உள்ள ஒரு இருவது முப்பது குடும்பம். பரதநாட்டியம் கட்டுன புள்ள, கண்ணக் கட்டிக்கிட்டு சைக்கிள் கழட்டுறவன், கீபோர்டு தூக்குனவன். பெத்தவங்க எல்லாம் பேசுறது ஒரே பேச்சுத்தான். "அமெரிக்கா மாதிரி பண்ணணும் சார், எமோஷன் வேணும்"ங்குறாரு ஒருத்தரு. "இல்லங்க, பிரிட்டன் மாதிரி சட்டுனு ஒரு அதிர்ச்சி குடுக்கணும்"ங்குது ஒரு அம்மா. திருச்சி மாதிரி பண்ணுவோம்னு ஒரு ஆளு சொல்லல.

காதுல ஒயரு மாட்டுன ஒரு தம்பி எங்கள மேடைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனான். முருகேசன் கடலை வாங்க வெளிய போயிருந்தான்.

"பாட்டிம்மா, நிவேதா விசில் முடிச்சதும் லைட்ட கொறைப்போம். நீங்க ஒப்பாரி ஆரம்பிக்கணும்."

"சரி சாமி. யாருக்கு?"

"உங்க பையனுக்கு."

"எந்தப் பையன்?"

"நிவேதாவோட அப்பா. அவர் தவறிட்டாருன்னு வச்சுக்குவோம்."

"அவன் கடலை வாங்கப் போயிருக்கான்."

"தெரியும் பாட்டி, பாத்தேன். கடைசி வரிசையில ஒக்காந்துக்கட்டும், கேமராவுல வரமாட்டாரு. அமெரிக்காவுல எல்லாம் இப்படித்தான். கதை இல்லாம ஓடாது."

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க பக்கம் வீட்டுக்குள்ள ஒப்பாரிய முணுமுணுக்கக்கூட மாட்டோம். நான் கத்துக்கிட்டதே சோளக்கொல்லையில, காக்கா ஓட்டிக்கிட்டு. மறந்தாப்புல வீட்டுல ஒரு அடி வாயில வந்துட்டா எம் மாமியா வெளக்கமாத்தத் தூக்கிரும். உசுரோட இருக்கறவன் பேரச் சொல்லி அழுதா அவன் ஆயுசுல நாமளே கைய வச்ச மாதிரி. இவன் எம் வயித்துல பொறந்தவனுக்கே பாடச் சொல்றான்.

நிவேதா குறுக்க வந்தா. "அண்ணா, இத நீங்க சொல்லவே இல்லையே. அப்பாயி பாடுனா போதும்னுதானே சொன்னீங்க?"

"ஒரு சீட்டுதாம்மா இருக்கு. அந்த நீலச் சுடிதார் பொண்ணப் பாரு, அவங்க அம்மாவுக்கு ஒடம்பு முடியல. உனக்கு என்ன இருக்கு?"

அவ ரெண்டு மாசமா வாய் புண்ணாக அடிச்சுப் பழகியிருக்கா. அந்த சீட்டுன்னா அவளுக்கு உசுரு. என்னைப் பாத்தா. பாடு அப்பாயின்னும் சொல்லல, பாடாதன்னும் சொல்லல. அதுக்குள்ள பேரக் கூப்ட்டுட்டாங்க.

மேடை ஏறுனா எதுக்க ரெண்டு ஆம்பள நடுவரு, ஒரு பொம்பள நடுவரு. நடுவுல இருந்தவரு மூஞ்சி அசல் பிரிட்டன். பொண்ணு விசில் அடிக்கப் போறான்னதும் சனம் 'ஹே'ன்னுச்சு. அவ கண்ண மூடிக்கிட்டு அடிச்சா பாருங்க. மண்டபத்து ஃபேன் சத்தம் தவிர ஒண்ணும் கேக்கல. முடிஞ்சதும் கைதட்டு வர்றதுக்குள்ள லைட்டு கொறைஞ்சுது, பிடில் சத்தம் வந்துச்சு. அமெரிக்காவே எறங்கிருச்சு.

பொம்பள நடுவரு கொரல தாழ்த்தி, "நிவேதா, உங்க அப்பாவப் பத்தி சொல்லுங்கம்மா"ன்னாங்க.

அவ கையில இருந்த மைக்க நான் வாங்கிட்டேன். "மொதல்ல அந்த பிடில நிறுத்தச் சொல்லுங்க. யாரு செத்தா?"

சனம் சிரிச்சுது. நடுவுல இருந்தவரு, "அம்மா, நீங்க ஒப்பாரி பாடுவீங்கன்னு..." இழுத்தாரு.

"பாடலாங்க. ஆளு இல்லாம பாட முடியாது. யாராச்சும் வந்து படுங்க, தலமாட்டுல ஒரு வெளக்கு வச்சா ஆரம்பிச்சிருவேன். நீங்க வர்றீங்களா? ஒங்க மொகத்துக்கு தாடைக்கட்டுகூடத் தேவையில்ல, ஏற்கெனவே அப்படித்தான் இருக்கு."

மண்டபமே குலுங்குச்சு. அந்த மனுசனும் மொதத் தடவையா பல்லக் காட்டுனாரு. நிவேதா என் கையிலேர்ந்து மைக்கப் புடுங்குனா. "சார், எங்கப்பா கடைசி வரிசையில இருக்காரு. அவருக்கு ஒண்ணும் ஆகல"ன்னா. சொல்லிட்டு ஒரு விசில், சின்னதா ரெண்டு, நீளமா ஒண்ணு. ஷிப்ட்டு முடிஞ்சு வரும்போது முருகேசன் தெருமுனையிலேர்ந்து கேட்டத் தொறக்கச் சொல்லி அடிக்கிற விசில் அது. பின்னாடியிருந்து பதில் விசில் வந்துச்சு. எல்லாரும் திரும்பிப் பாத்தா, வாயில கடலையோட எம் மவன் எந்திரிச்சு நிக்கிறான், ஏன் நிக்கிறோம்னே தெரியாம. அதுக்கப்புறம் மண்டபத்துல விசில் அடிக்காத ஆளு கெடையாது. பரதநாட்டியம் கட்டுன புள்ளையும் அடிச்சுது.

வாசலுக்கு வந்தோம். ஒயரு மாட்டுன தம்பி மூச்சு வாங்க ஓடி வந்தான். "செம பாட்டி! சீட்டு உங்களுக்குத்தான். அப்பா எந்திரிச்சத மட்டும் வெட்டிருவோம். இப்ப அந்தத் தூண் பக்கத்துல நின்னு அப்பா இல்லைன்னு ஒரே ஒரு வரி சொல்லிரும்மா. அஞ்சு நிமிசம்."

நான் வாயத் தொறக்கல. அவ சீட்டு, அவ வாயி.

அவ அந்தத் தூணையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னா. "வேணாம்ணா"ன்னா.

"அப்ப நீலச் சுடிதாருக்குத்தாம்மா போகும்."

"போகட்டும்ணா. அவளும் நல்லாத்தான் பாடுறா. அவகிட்டயாச்சும் அம்மாவப் பத்திக் கேக்காம பாட்டக் கேளுங்க."

முருகேசன் காயிதத்துல இருந்த மிச்ச கடலைய மவகிட்ட நீட்டிக்கிட்டே, "என்னம்மா சொல்றான் அவன்?"னான்.

"நீ உசுரோட இருக்கறதால சீட்டு இல்லையாம்ப்பா."

அவன் ரோசிச்சான். "அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?"னான். அவ ரோடுன்னும் பாக்காம அவன் தோள்ல சாஞ்சு சிரிச்சா, சிரிச்சுக்கிட்டே அழுதா. எந்த நாட்டுக் கேமராவும் அங்க இல்ல.

சாயங்காலம், திரும்பி வர்ற வழி.

கொள்ளிடம் தாண்டும்போது ரோசிச்சுப் பாத்தேன். பிரிட்டன்காரன் தெறமயப் பாக்குறதுக்கு முன்னாடி துணியப் பாக்குறான். அமெரிக்காக்காரன் காயத்தப் பாக்குறான். நம்மாளு ரெண்டையும் பாத்துட்டு, காயம் இல்லைன்னா கத்தியோட வர்றான். எங்க ஊரு எழவு வீட்டுக்கு வந்து பாக்கணும் இவனுங்க. அங்க நடுவரு செத்தவம் பொண்டாட்டி. நான் ஒரு அடி பொய்யாப் பாடிட்டா, "எம் புருசன் எப்ப யானை மேல வந்தான், மாத்திப் பாடுடி"ன்னு அழுகைய நிறுத்திட்டுக் கேப்பா. அவளத் தாண்டி எந்த ஒப்பாரிக்காரியும் பேர் வாங்க முடியாது.

மண்ணச்சநல்லூர் வரும்போது போன் அடிச்சுது. எங்கூருக்குப் பக்கத்துல எரகுடியிலேர்ந்து. "ஆயா, எங்கப்பா மத்தியானம் போயிட்டாரு, வந்துருவீங்களா?"ன்னு ஒரு பொண்ணு. நல்ல மனுசன், களத்துமேட்டுல என்னைப் பாத்தா வெத்தல குடுக்காம போவமாட்டாரு.

கண்டக்டர கூப்ட்டு, "துறையூர்ல எரகுடி பஸ்ஸு நிக்குமா?"ன்னு கேட்டேன். வீட்டுக்குப் போகல, நேரா அங்கதான் போறேன். அங்க ஆளு நெசமாவே போயிட்டாரு. அங்க அழுவேன்.