இன்பத்தின் பேரில் ஆயிரத்து எண்ணூறு

என் மனைவி இன்பத்துக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறாள். அதையும் சொல்ல வைத்தவன் நான். சொல்ல வைத்தது மட்டுமா, கம்ப்யூட்டரில் ஏற்றி, பிரிண்ட் எடுத்து ஒட்டியும் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆம்பூரில் செருப்புக்குப் பஞ்சமும் இல்லை.

அவள் வேலூர் பக்கம் பாகாயத்துக்காரி. அப்பா அங்கே ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரர். பத்தாவது முடித்தவள், தொண்ணூற்று ஒன்றில் என்னைக் கட்டிக்கொண்டு ஆம்பூர் வந்தாள். மகள் ஜெனிஃபா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். ஷூவின் மேல்தோலைத் தைக்கிற வேலை. காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் கம்பெனி வேன் வரும். ஒருநாள் அவள் தைத்த அறுபது ஜோடியை மேஸ்திரி தவறுதலாக அறுபத்திரண்டு என்று எழுதிவிட்டார். இவள் போய், "அறுபதுதான் சார்" என்று சொல்லித் திருத்தச் செய்திருக்கிறாள். "உனக்கு இன்னா கிறுக்காம்மா?" என்று கேட்டாராம். சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து என் கையில் கொடுப்பாள். உனக்கென்று ஒரு நூறு ரூபாய் வைத்துக்கொள் என்று நான் சொன்னதே இல்லை.

நான் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் கணக்கு எழுதுகிறவன். இரண்டாயிரத்து ஒன்றில் எங்கள் ஆபீசுக்குப் புது கம்ப்யூட்டர் வந்தது. பழையதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அதில் எக்செல் இருந்தது. போதாதா? வீட்டுக் கணக்கையும் ஆபீஸ் மாதிரியே இரட்டைப் பதிவில் எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு ரூபாயையும் இரண்டு இடத்தில் காட்ட வேண்டும். பால் வாங்கினால் பால் கணக்கில் பற்று, ரொக்கக் கணக்கில் வரவு. மொத்தப் பற்றும் மொத்த வரவும் சமமாக இருந்தால் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் வந்து பச்சையாக மாறும்படி செய்து வைத்திருந்தேன். அந்தப் பச்சையைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

"ஏங்க, நான் தும்மினாக்கூட ரெண்டு இடத்துல எழுதுவீங்களா?" என்று இன்பம் கிண்டல் செய்வாள். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

இரண்டாயிரத்து இரண்டு ஜூன் மாதக் கடைசியில் பீரோவில் இருந்த பணத்தை எண்ணினேன். கணக்கில் இருக்க வேண்டியதற்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் குறைந்தது. அவளுடைய ஒரு மாதச் சம்பளம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மறுபடி எண்ணினேன். அதே குறைவு. ஆனால் எக்செல்லில் கடைசிக் கட்டம் பச்சையாக இருந்தது. கணக்கு சரி, பணம்தான் இல்லை. பீரோ சாவி எங்கள் இரண்டு பேரிடம்தான் இருந்தது.

விரிஞ்சிபுரத்தில் அவளுடைய அக்கா பூவம்மாள் இருக்கிறாள். அந்த மாதம்தான் அக்கா வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, ஏதாவது கொடுத்து உதவலாமா என்று இன்பம் கேட்டிருந்தாள். முடியாது என்றிருந்தேன். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"நான் எடுக்கலங்க" என்றாள். விட்டேனா? தினமும் அவள் வேனிலிருந்து இறங்கி வந்ததும் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். எண்ணெய் எவ்வளவு, சோப்பு எவ்வளவு, காய்க்காரிக்கு எவ்வளவு என்று அவள் செய்த செலவை ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தேன். முதுகு வலிக்க மெஷினில் குனிந்து வேலை செய்துவிட்டு வந்தவள், முகம்கூடக் கழுவாமல் பதில் சொன்னாள். என் கையால் செய்த செலவை மட்டும் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. கணக்கன் தப்பு செய்வானா!

இரண்டு வாரம் போயிற்று. ஒரு சாயங்காலம் அவள் எழுந்து நின்றாள்.

"சரி. நான்தான் எடுத்தேன். அக்காவுக்குக் குடுத்தேன். எழுதிக்கோங்க."

"எந்தத் தேதி?" என்று கேட்டேன். வெட்கமில்லாமல் அதைத்தான் கேட்டேன்.

"நீங்களே ஒரு தேதி போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

போட்டுக்கொண்டேன். 'இன்பம் – வரவேண்டியது, 1,800' என்று ஒரு புதுக் கணக்கைத் திறந்தேன். ஆபீசில் பாக்கிக்காரர்களுக்கு வைக்கிற கணக்கு அது. மாதக் கணக்கைப் பிரிண்ட் எடுத்துப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். சீருடை எடுக்க வந்த ஜெனிஃபா அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க பேரு இதுல இருக்கு!" என்று சந்தோஷமாகக் கத்தினாள். இன்பம் கதவைச் சாத்தினாள்.

ஓவர்டைம் செய்து மாதம் அறுநூறாக மூன்று மாதத்தில் கட்டி முடித்தாள். ஒவ்வொரு தரமும் எண்ணி வாங்கினேன். அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒருமுறை கேட்டபோது, "அங்க போனா மறுபடியும் கை நீளும்" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு சர்ச்சில் திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க எங்கள் வரிசை எழுந்தபோது இன்பம் எழவில்லை. கால் வலி என்று நினைத்தேன். அடுத்த மாதமும் எழவில்லை. கிறிஸ்துமஸ் அன்றும் உட்கார்ந்தே இருந்தாள். திருடின நெஞ்சு குறுகுறுக்கிறது, அதனால்தான் அப்பத்தைத் தொட மாட்டேன் என்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசாட்சி உள்ளவள்தான் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொள்ளவும் செய்தேன். மெச்சியபடியே ஒவ்வொரு மாதமும் நான் மட்டும் போய் முழந்தாளிட்டு வாங்கி வந்தேன்.

பிப்ரவரி நடுவில் ஒருநாள். ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் மக்பூல் அகமது தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாய்?"

"பேஜாரா இருக்குப்பா. ரெண்டாயிரத்து எழுநூறு உதைக்குது. காலையிலேர்ந்து தேடறேன்."

"ஒம்போதால வகுத்துப் பாருங்க. மீதியில்லாம வகுபட்டா எங்கயோ நம்பர் இடம் மாறியிருக்கும். நாப்பத்தஞ்ச அம்பத்துநாலுன்னு அடிச்சிருப்பீங்க" என்றேன். இது கணக்கெழுதுகிறவன் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். மக்பூல் வகுத்தார், முந்நூறு வந்தது, பத்து நிமிஷத்தில் தப்பைப் பிடித்துவிட்டார். "தோஸ்த், நீ பொழச்சுப்ப" என்று என் முதுகில் தட்டினார்.

மேஜைக்குத் திரும்பி நானும் ஒரு எண்ணை வகுத்துப் பார்த்தேன். ஆயிரத்து எண்ணூறை ஒன்பதால் வகுத்தால் இருநூறு. மீதி இல்லை.

ஆபீசில் வித்தியாசம் வந்தால் எண்ணைச் சந்தேகப்படுவேன். வீட்டில் வந்தபோது பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

அரைநாள் லீவு போட்டு வீட்டுக்கு ஓடினேன். ரசீதுகளைக் குத்தி வைக்கிற கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக உருவினேன். ஜூன் ஐந்தாம் தேதி நானே போய்க் கட்டிய ஜெனிஃபாவின் பள்ளிக் கட்டணம், மூவாயிரத்து நூறு. எக்செல்லில் நான் அடித்திருந்தது ஆயிரத்து முந்நூறு. தப்பான எண்ணையே பற்றிலும் வரவிலும் போட்டிருந்ததால் இரண்டு பக்கமும் ஒழுங்காக ஒத்துப்போய், அந்தப் பாழாய்ப்போன கட்டம் பச்சையாகவே இருந்திருக்கிறது.

இன்பம் வந்ததும் ரசீதை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார வைத்ததில் அவளுக்கும் கணக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் பொய் சொன்னேன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?"

"இன்பம்..."

"ஏழு மாசமா திருவிருந்து எடுக்கல. திருடலன்னு ஆண்டவருக்குத் தெரியும். ஆனா எடுத்தேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேனே, அத வச்சுக்கிட்டு எப்படிப் போறது? முதல்ல உங்ககிட்ட உண்மையச் சொல்லணும். சொன்னா நம்புவீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"என்ன மன்னிச்சுடு" என்றேன். அவள் எழுந்து முகம் கழுவப் போனாள். மறுநாள் வங்கியிலிருந்து எடுத்து வந்த ஆயிரத்து எண்ணூறை அவள் முன்னால் வைத்தேன். வேண்டாம் என்று தள்ளுவாள் என்று நினைத்தேன். எடுத்து எண்ணினாள்.

"அக்காவுக்கு அனுப்பறேன். குடுத்தேன்னு சொல்லிட்டேன் இல்ல? அதையாவது நெசமாக்கிடறேன்" என்றாள். பீரோவைத் திறந்து கதவில் ஒட்டியிருந்த தாள்களை நகத்தால் சுரண்டி எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் முதல் ஞாயிறு. எங்கள் வரிசை எழுந்தது. இன்பம் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு எழுந்தாள். என் முழங்காலைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நின்றாள், கூட வருவேன் என்று எதிர்பார்த்தாள் போல. என்னால் எழ முடியவில்லை. ஏழு மாதம் கொஞ்சமும் கூசாமல் போய் வாங்கியவன் நான். அவள் தனியாகப் போனாள்.

வயது வந்ததும் சபையில் செய்கிற திடப்படுத்தல் சடங்கைப் பெறாத பிள்ளைகள் திருவிருந்துக்குப் போவதில்லை. அதனால் ஜெனிஃபா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இந்த மாசம் நீங்க எனக்குத் துணையா?"

"என்னம்மா?"

"எப்பவும் அம்மாதான போகாம இருப்பாங்க? ஏம்மா போகலன்னு கேட்டா, 'நீ தனியா இருப்ப இல்ல, உனக்குத் துணைக்கு இருக்கேன், அப்பா போய்ட்டு வரட்டும்'னு சொல்வாங்க."

இன்பம் என்னிடம் சொன்ன பொய் ஒன்றுதான் என்று சொன்னேன். என்னைக் காப்பாற்ற மகளிடம் மாதா மாதம் ஒன்று சொல்லியிருக்கிறாள். முன்னால், கம்பித் தடுப்பருகே அவள் முழந்தாளிட்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன் ஜெனிஃபாவிடம். "உனக்குத் துணைக்குத்தான்."